எட்டடிக் கோலமும் பட்டுப்போன தொட்டிகளும்

1

புதுக்கோட்டையிலிருந்து என் சிநேகிதி சரசு மாதம் ஒரு முறை போன் செய்வாள். பேசி முடிக்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தேகம் கட்டாயம் வரும். அங்கே மல்லிகை கிடைக்குமா, அங்கே பஞ்சாங்கம் பார்ப்பார்களா, அங்கே கோலம் போடுவார்களா. நான் லூனாஸுக்கு வந்து இந்தத் தீபாவளியோடு பதினெட்டு வருடம். அவள் மனதில் நான் இன்னும் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறேன் போலிருக்கிறது. இத்தனைக்கும் அவள் வீட்டு வாசலில் இருப்பது ஸ்டிக்கர் கோலம். போன தடவை ஊருக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன்.

நான் இந்த வருடம் போட்ட கோலத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கலர் பொடி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். கடையில் வாங்கவில்லையடி, எல்லாம் மண், இந்தக் கெடா மாநிலத்து மண் என்றேன். நம்பவில்லை. அவளுக்காகவும் அவளைப் போல நம்பாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளவும்தான், அதை ஒளிப்பானேன்.

லூனாஸ் என்பது கூலிம் பக்கத்தில் இருக்கிற சின்ன டவுன். சுற்றிலும் ரப்பர் தோட்டமாக இருந்து, இப்போது பாதிக்கு மேல் பாமாயில் எடுக்கிற செம்பனை ஆகிவிட்டது. தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கூலிம் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். என் கணவர் சரவணன் அதில் ஒருவர், மெஷின் பழுது பார்க்கிற வேலை. நாங்கள் இருப்பது ஒரே வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள். அந்தச் சந்துக்கு இங்கே லோரோங் என்று பெயர்.

லோரோங்கில் எனக்கும் ஒரு பெயர் உண்டு. கல்யாணமாகி வந்திறங்கிய நாளிலிருந்து நான் 'இந்தியா'. "இந்தியா, கறிவேப்பிலை இருக்கா?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்ததும் இவர்கள்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டனும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். அவர்கள் முன்னால் வந்ததால் இந்த ஊர்க்காரர்கள், நான் பின்னால் வந்ததால் இந்தியா. ஒரே ஒரு தடவையாவது இவர்கள் எல்லோர் முன்னாலும் என் சொந்தப் பெயரில் நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. இது அந்தக் கதைதான்.

2

இந்த நாட்டில் கோலம் என்றால் அரிசி. பச்சரிசியில் சாயம் ஏற்றி, காயவைத்து, மண்டபத் தரையில் சாக்பீஸாலும் நூலாலும் வட்டம் போட்டு, அதற்குள் நிறம் நிறமாகக் கொட்டி நிரப்புவார்கள். மயில், குத்துவிளக்கு, தாமரை எல்லாம் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். போன வருடம் எங்கள் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதியின், மண்டபத்தில் நடந்த தீபாவளிக் கோலப் போட்டியை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பரிசு கொடுத்து முடிந்ததும் இரண்டு பேர் துடைப்பத்தோடு வந்து, அத்தனை அரிசியையும் கூட்டிக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளினார்கள். மூட்டை மூட்டையாக அரிசி. எனக்கு வயிறு எரிந்தது. நாம் மாவு போடுவது எறும்பாவது தின்னட்டும் என்று. இங்கே அந்தச் சாய அரிசியை எறும்புகூடத் தொடாது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வருடம் நான் போடுவேன், மண்ணில் போடுவேன்.

மண் எனக்குப் புதிது இல்லை. என் அப்பா கோயில் மதில்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கிற வேலை செய்தவர். காவிக்கல்லை இடித்து, செம்மண்ணோடு சேர்த்துச் சலிப்பது எனக்கும் அம்மாவுக்கும் விழுந்த வேலை. அப்பா பெரிதாக ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. சல்லடையை என் பக்கம் நீட்டிவிட்டுப் பீடி பற்றவைப்பார். எனக்கு அந்த வேலை அப்போது சுத்தமாகப் பிடிக்காது. தலையெல்லாம் சிவந்து பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இருந்தாலும் கை கற்றுக்கொண்டதை மனசு பிடிக்கவில்லை என்று சொல்லி அழித்துவிட முடியுமா என்ன.

இந்த வருடம் போட்டிக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. எங்கள் லோரோங்கில் நாலு வீடு தள்ளி இருக்கிற லெட்சுமி அக்காதான் போட்டிக்குச் செயலாளர். ஓய்வுபெற்ற பாலர் பள்ளி ஆசிரியை. பேச்சில் இன்னும் பிரம்பு இருக்கும். பாரம் மலாயில் இருந்தது. குழுத் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் ஐசி என்கிற அடையாள அட்டையின் எண் எழுதப் பன்னிரண்டு கட்டங்கள். என்னிடம் அந்த அட்டை இல்லை. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும், அதில் ஒட்டிய மனைவி பாஸும். அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கணவரும் கூடவே வந்து கவுன்டரில் நிற்க வேண்டும். நிரந்தர வசிப்புக்கு எழுதிப்போட்ட விண்ணப்பம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. எவ்வளவு பத்திரமென்றால் வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

பாஸ்போர்ட் எண்ணை அந்தக் கட்டங்களில் எழுதிக் கொண்டுபோனேன். எட்டு எழுத்துத்தான், நாலு கட்டம் காலியாக நின்றது. லெட்சுமி அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"ஐசி இல்லாம தலைவரா போட முடியாது இந்தியா. ரூல்ஸ்லா. மக பேர்ல போட்டுக்க."

அப்படித்தான் என் கோலம் என் மகள் ஷாலினியின் பெயரில் போனது. என்ன பொருளில் போடப்போகிறேன் என்று அக்கா கேட்டார். மண் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். மண்டபத்துத் தரை டைல்ஸ், மண்ணைக் கொட்டினால் யார் கழுவுவது என்றார். பாரத்திலேயே 'சாய அரிசி அல்லது இயற்கைப் பொருள்' என்று இருக்கிறதே என்று காட்டினேன். அதென்றால் பூ, இலை என்று அர்த்தமாம். மண்ணைவிட இயற்கையான பொருள் எது என்று நானும் விடவில்லை. கடைசியில் தரையில் பிளாஸ்டிக் விரிப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினேன்.

3

ஷாலினிக்குப் பதினாறு வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இப்போது மலாய் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம். என்னோடு தமிழில் ஆரம்பிப்பாள், நடுவில் மலாய்க்குப் போவாள், கோபம் வந்தால் இங்கிலீஷ். எல்லோரும் கலர் அரிசியோடு வரும் இடத்துக்குத் தான் மட்டும் மண்ணோடு போவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "எனக்கு மாலுலா அம்மா. ஃப்ரெண்ட்ஸ்லாம் வருவாங்க," என்றாள். மாலு என்றால் மலாயில் வெட்கம். நான் வெட்கப்பட வேண்டிய வயதில் பட்டு முடித்துவிட்டேன், உன் பங்குக்கு நீ படு, ஆனால் கூட வா என்றேன்.

மண் சேர்க்க மூன்று மாதம் ஆனது. சிவப்புக்கு லூனாஸ் தோட்டத்து லோரி ரோடு. அந்த மண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அசல் நம் புதுக்கோட்டைச் செம்மண். வெள்ளைக்குப் பண்டார் பாரு ஆற்றங்கரைக் களிமண். அங்கே என் கணவரின் பெரியப்பா மகன் இருக்கிறார், தூண்டில் போடப் போன இடத்தில் ஒரு வாளி வெட்டிக் கொடுத்தார். சாம்பல் நிறத்துக்கு மெர்கோங்கில் இருக்கிற நாத்தனார் வயல் சேறு அனுப்பினாள். காய்ந்தால் அது புறாச் சிறகு நிறத்துக்கு வரும். கறுப்புக்கு அரிசி ஆலை உமிச்சாம்பல். மஞ்சள், புது வீடு கட்ட வெட்டிய மேட்டிலிருந்து. நீலமும் பச்சையும் கிடையாது. மயில் எப்படிப் போடுவீர்கள் என்று மகள் மடக்கினாள். மயில் இல்லை, நடுவில் எட்டு இதழ், சுற்றிச் சுற்றி வளையம், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்றேன்.

சேர்ப்பது பெரிதில்லை, காயவைப்பதுதான் பெரும்பாடு. நம் ஊரில் மொட்டைமாடியில் கொட்டினால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். இங்கே மாடியும் கிடையாது, மழையும் ஒரு நாள் லீவு எடுக்காது. என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மண்ணைத் தட்டுகளில் பரப்பிக் காருக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றி, தொழிற்சாலை வாசலில் வெயிலில் நிறுத்திவிடுவார். சாயங்காலம் அப்பளம் மாதிரிக் காய்ந்து வரும். தொழிற்சாலைக் காவலாளி ஒரு நாள் வெள்ளைத் தட்டைப் பார்த்துவிட்டு இது என்ன பவுடர் என்று பிடித்துக்கொண்டார். கோலம் என்று விளக்கி, படம் வரைந்து காட்டிய பிறகுதான் விட்டார். அதற்கப்புறம் அவரே தினமும் வெயில் படும் இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தச் சொன்னார்.

போட்டிக்கு முந்தின நாள் கடைசித் தட்டுச் செம்மண்ணைச் சலித்து, வீட்டு முன்கூரைக்குக் கீழே கார் நிற்கும் இடத்தில் பரப்பி வைத்தேன். மாவு போல, மூன்று தடவை துணியில் சலித்த மண். இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். பதினெட்டு வருடம் இருந்தும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு பூனை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா வளர்ப்பது ஐந்து. மெத்தென்று, காய்ந்த, சலித்த மண்ணைப் பார்த்தால் ஒரு பூனை என்ன நினைக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் அதைப் பிஸ்கட் டின்னில் அள்ளி மூடியவர் என் கணவர். ஷிப்டுக்குப் போகிற அவசரம், போதாக்குறைக்கு அவருக்கு நல்ல சளி.

4

மண்டபத்தில் பதினோரு குழுக்கள். லூனாஸ், பாடாங் செராய், கூலிம் என்று பல இடத்திலிருந்து வந்திருந்தார்கள். குழுவுக்கு எட்டடிச் சதுரம், மூன்று மணி நேரம். சதுரத்துக்குள் குழு உறுப்பினரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் முதல் டின்னைத் திறந்ததும் பக்கத்துக் குழுப் பெண்கள் எட்டிப் பார்த்து, மண்ணா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷாலினி தலையைக் குனிந்துகொண்டாள்.

கோலத்தை நடுவிலிருந்து வெளியே போட்டுக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் போட்டதை நாமே மிதிப்போம். அவள் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். நான் ஓர் இதழ் போட்டால் அதே நேரத்தில் அவள் எதிர் இதழைப் போட வேண்டும். நான் விரலால் இழுத்தேன். அவள் காலியான சாஸ் பாட்டிலில் வெள்ளை மண்ணை நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். இதென்ன தோசைக் கடையா என்று கேலி செய்தேன். கேலியை அப்புறம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். அவள் கோடு என் கோட்டைவிட நேராக இருந்தது.

புள்ளி வைக்கும்போது நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அவள் வாய்க்குள் சத்து, டுவா என்று மலாயில் எண்ணிக்கொண்டிருந்தாள். என் பெண் கணக்குப் படித்தது அந்த மொழியில். முன்பென்றால் எனக்கு மனசு சுருங்கியிருக்கும். அன்றைக்கு அவள் முப்பத்திரண்டில் நின்ற இடமும் நான் முப்பத்திரண்டில் நின்ற இடமும் எதிரெதிரே மிகச் சரியாக வந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

மஞ்சள் இதழ், சாம்பல் அலை, கறுப்பு வரி எல்லாம் முடிந்தது. மிச்சம் வெளி வளையம், ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு. அதுதான் மொத்தக் கோலத்துக்கும் கரை. ஆளுக்கு ஒரு டின். ஷாலினி கடைசி வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்ததால் நான் முதலில் தொடங்கி என் பாதியை முடித்தேன், என் டின்னும் காலியானது. பிறகு அவள் தன் டின்னைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"அம்மா, பூனை," என்றாள். நாற்றம் அதற்குள் என்னிடம் வந்துவிட்டது.

இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. வளையம் ஒரு பாதியில் சிவப்பு, மறு பாதியில் வெறும் பிளாஸ்டிக். ஒரு பக்கம் மட்டும் மீசை எடுத்த முகம் போல இருந்தது. போட்டதைப் பாதியாகப் பரப்பினால் அடியில் விரித்தது பல்லைக் காட்டும். வேறு நிறம் மிச்சமில்லை. தோட்டத்து ரோட்டுக்கு ஓடினாலும் இந்த மழையில் கிடைப்பது சேறு. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாத உழைப்பு, இத்தனை பேர் முன்னால், அதுவும் பூனையால்.

அப்போது லெட்சுமி அக்கா கையில் கடிகாரத்தோடு சுற்றி வந்தார். மூக்கைச் சுளித்தார். வெளியே தூக்கிப் போடச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சதுரத்தின் ஓரத்தில் சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்து, பிளாஸ்டிக்கில் சிந்தியிருந்த செம்மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். எங்கே எடுத்தது என்று கேட்டார். தோட்டத்து லோரி ரோடு என்றேன்.

"எங்க டிவிஷன் மண்ணு," என்றார். டிவிஷன் என்பது தோட்டத்தில் அவர்கள் முன்பு குடியிருந்த பிரிவு. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வீட்டு போர்ச்சுல பின்னால ஆறு தொட்டி பட்டுப்போய் கெடக்கு. தண்ணி ஊத்தி மூணு மாசம் ஆச்சு. மண்ணு காஞ்சுதான் இருக்கும். யார்ட்டயும் சொல்லிடாத."

ஏன் ரகசியம் என்றால், லோரோங்கிலேயே தோட்டக்கலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவர் அவர். நம் வீட்டுச் செடி வாடினால் வாசலில் நின்று பாடம் நடத்துவார். அந்தத் தொட்டி மண்ணின் கதை எனக்கு அன்றுதான் தெரிந்தது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்து இவர்கள் இந்த வீடுகளுக்கு வந்தபோது, இங்கே தரை முழுக்க மணலும் கட்டட இடிபாடும்தானாம், ஒரு செடி பிடிக்கவில்லையாம். அதனால் லோரோங்கில் எல்லோரும் பழைய இடத்துக்கு லோரி அனுப்பித் தொட்டிக்கு மண் கொண்டுவந்தார்களாம்.

ஆறு தொட்டி போதுமா என்று நான் இழுத்தேன். அக்கா போனை எடுத்து லோரோங் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் பதிவு செய்தார். பட்டுப்போன செடி உள்ள தொட்டி யார் வீட்டில் இருந்தாலும் வெட்கப்படாமல் உடனே மண்டபத்துக்குக் கொண்டு வரச் சொன்னார், தன் வீட்டிலேயே ஆறு இருப்பதையும் சேர்த்து. ரகசியத்தை அவரே உடைத்துக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் ரோஜாத் தொட்டி, ஒருவர் துளசி மாடத்திலிருந்து எடுத்த பழைய மண். பூனைக்கார மலாய் அக்கா விஷயம் தெரிந்து பதறி, மாவுச் சல்லடையோடு வந்து சேர்ந்தார். மண்டப வராந்தாவில் உட்கார்ந்து வேரையும் முட்டை ஓட்டையும் பொறுக்கிச் சலிக்க ஆரம்பித்தார்கள். கூலிம் குழு ஒன்று இது நியாயமா என்று ஆட்சேபம் சொன்னது. சதுரத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றுதான் ரூல்ஸ், வராந்தாவைப் பற்றி ஒன்றும் இல்லை என்று பாரத்தைக் காட்டி அனுப்பினார் அக்கா. என்னிடம் வாங்கிய பாடம் அது.

தொட்டி மண் என் மண்ணைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது. ஷாலினி தன் பாதியை முடித்ததும் இரண்டு பாதியும் இரண்டு நிறமாகத் தெரிந்தது. நான் மிச்சத் தொட்டி மண்ணைச் சல்லடையில் எடுத்து வளையம் முழுக்க, என் பாதி அவள் பாதி இரண்டின் மேலும், மெல்லிசாக ஒரே தூவலாகத் தூவிக்கொண்டு வந்தேன். அப்பா மதிலில் கடைசியாக ஒரு நீர்த்த பூச்சுக் கொடுப்பார், அந்த வேலைதான் இது. சுற்றி முடித்து எழுந்தபோது எங்கே என் மண் முடிகிறது, எங்கே அவர்கள் மண் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. மணி அடித்தது. ஷாலினி தோழிகளைக் கூப்பிட்டு, இது மொத்தமும் மண், பெயின்ட் இல்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலு எங்கே போனதோ தெரியவில்லை.

5

முதல் பரிசு ஒரு கலர் அரிசி மயிலுக்குப் போனது. நல்ல மயில்தான், கழுத்து மட்டும் கொஞ்சம் வாத்து. நான் பொறாமையில் சொல்லவில்லை.

அடுத்து இரண்டாம் பரிசு. லெட்சுமி அக்கா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவின் தலைவரையும் பெயர், அப்பா பெயர், ஊர் என்று முழுசாக வாசித்து அழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பாரத்தை எடுத்தார். "மண் கோலம்" என்று தொடங்கிவிட்டு நின்றுபோனார். அதில் என் மகள் பெயர் இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஷாலினியை முன்னால் தள்ளினேன். அவள் நகரவில்லை. அம்மாதான் செய்தார் என்று மேடையைப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா பாரத்தை மடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். மைக்கை அணைக்கவில்லை, அது அவர் கையிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருடம் நாலு வீடு தள்ளி இருந்த மனுஷிக்கு என்னை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சங்கடத்தை நான் பார்த்ததே இல்லை.

"உன் பேரு என்னாம்மா?" என்றார்.

"மீனாட்சி."

"அப்பா பேரு?"

"கருப்பையா."

"ஊரு?"

அக்கா புதுக்கோட்டையை எதிர்பார்த்துத்தான் மைக்கை என் பக்கம் நீட்டினார். என் நகக்கண் எல்லாம் சிவப்பாக இருந்தது. நான் யோசிக்கவே இல்லை.

"லூனாஸ்," என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.